வயர்லெஸில் கேட்ட பெயர்

சதுப்பு நில முகாம்
14 ஜனவரி 2004

பாஷே,

நேற்று அம்மா பால்குடுவையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். முகாம் சமையல்காரர் அதைத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். குடுவைக்குள் தண்ணீர் படக் கூடாது, ஒலிவக் குச்சியின் தணலால்தான் தேய்க்க வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் எழுத வந்தது குடுவையைப் பற்றி அல்ல.

நீயும் அம்மாவும் என் வேலையிடத்தைப் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா வண்டி நிழலில் உட்கார்ந்து என் ஆன்டெனாவைத் தடவிப் பார்த்து, "இத வச்சா சிங்கத்தத் தேடுற? துணி காயப்போடத்தான் ஆகும்" என்று சொல்லிச் சிரித்தாள். நம் மூத்தவன் இறந்துபோன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் பேசியது. மலையடிவாரத்தில் தடம் பார்க்கும் எங்கள் ஆள், அந்த ஆண் சிங்கத்தின் பெயரைச் சொல்லி, தனியாக நிற்கிறது, பின்காலில் இரத்தம் என்றார். நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நானும் அதே பெயரைச் சொன்னேன். வேலை அப்படி. வாய் பழகிவிட்டது.

அம்மா எழுந்து நடந்துவிட்டாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னால் போனாய். நான் வயர்லெஸைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.

ஆமாம், நம் மூத்தவனின் பெயரை ஒரு சிங்கத்துக்கு வைத்தவள் நான்தான். இரண்டு வருஷம் ஆகிறது. சிக்னல் தரும் கழுத்துப்பட்டை மாட்டும் சிங்கத்துக்கு யார் முதலில் தடம் கண்டார்களோ அவர்கள் பெயர் வைப்பது இங்கே வழக்கம். அதன் தடத்தை முதலில் கண்டது நான். மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இடது காது கிழிந்திருந்தது, மூத்தவனுக்கு முள்வேலியில் கிழிந்ததே, அதே காது. எல்லோரும் என்னைப் பார்த்து "என்ன பேர்?" என்றார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்று உனக்குத் தெரியும். வாயில் வந்தது அந்தப் பெயர்தான். சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. ஆனால் அவர்கள் யாரும் நம் பக்கத்து ஆட்கள் இல்லை. பலகையில் எழுதிக்கொண்டார்கள்.

கல்யாணம் ஆகாமல் செத்தவனின் பெயர் அவனோடு போய்விட வேண்டும், அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் நான் மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை. அது கேவலமான சிங்கம் இல்லை. அதுவும் அதன் சகோதரனும் சேர்ந்து சதுப்பு நிலத்துப் பெண் சிங்கங்களையும் குட்டிகளையும் காத்துவந்தன. போன மழையில் சகோதரனை எருமை குத்திக் கொன்றுவிட்டது. இப்போது சூலு மலைப் பக்கமிருந்து மூன்று ஆண்கள் வந்திருக்கின்றன. பிடரி மயிரே இல்லாத, நீண்ட உடம்புக்காரர்கள். இது ஒற்றை ஆளாக நின்று விடியும் நேரத்தில் கர்ஜிக்கிறது. மூன்றுக்கும் கேட்க வேண்டும் என்று. இது தோற்றுவிட்டால் குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சாது. வருகிற ஆண்கள் முதலில் செய்யும் வேலை அதுதான்.

நீ எனக்குக் கிடாரிக் கன்று கொடுத்த நாளிலிருந்து ஒருவரையொருவர் பாஷே என்றுதான் கூப்பிடுகிறோம். இனியும் கூப்பிடுவாயா? அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுது. செவ்வாய்ச் சந்தைக்கு வரும் முத்துவா வாத்தியாரிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.

நாசியேகு


பட்டியிலிருந்து
20 ஜனவரி

நாசியேகு,

உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கவனித்திருப்பாய். மற்றதை எழுதக் கை வரவில்லை.

அம்மாவுக்கு அந்தக் குடுவை வேண்டாம். வீடு நிறையக் குடுவை இருக்கிறது.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். வீட்டுக்கு வந்ததும் காதணிகளைக் கழற்றிவிட்டாள். கடைசியாக எப்போது கழற்றினாள் என்று உனக்குத் தெரியும். மாலையில் பால் கறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொய்நெட்டின் அம்மா வந்து நம் பசுக்களையும் சேர்த்துக் கறந்தாள். வெறும் காதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா போயிட்டாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். யாருமில்லை என்றேன். "யாருமில்லாததுக்கா இவ இப்படி உக்காந்திருக்கா?" என்றாள். நான் என்ன சொல்வது? என் தங்கை படித்தவள், செத்தவனை மறுபடி எழுப்பிக் காட்டில் மேயவிட்டிருக்கிறாள் என்றா?

கேவலமான சிங்கம் இல்லை என்கிறாய். இன்றைக்கு இல்லை. அந்த மூன்றும் துரத்திவிட்டால்? கூட்டத்தை இழந்த தனி ஆண் மானைப் பிடிக்க முடியாமல் மாட்டுக்கு வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். அப்படி வந்தால், மாட்டை இழந்தவன் எந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவான்? மேய்ச்சல் பையன்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரியும். உங்கள் தடம் பார்க்கிற ஆட்கள் கிணற்றடியில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். மூத்தவன் யாருக்கும் ஒரு கெட்ட வார்த்தை வாங்கித் தராமல் செத்தான். இனிமேல் வாங்குவான்.

உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாவோடு சண்டை போட்டவன் அவன். அதற்கு நீ கொடுத்த பரிசு நன்றாக இருக்கிறது.

அந்தப் பெயரை எடுத்துவிடு. உங்கள் பெரியவரிடம் கேள். வேறு ஒன்றும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

சிரோன்கா


சதுப்பு நில முகாம்
29 ஜனவரி

பாஷே,

நீ எழுதாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்.

டாக்டர் ஒட்டியெனோவிடம் கேட்டேன். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷப் பதிவுகள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றனவாம். நடுவில் மாற்றினால் குழப்பமாகிவிடுமாம். அவர் மேல் கோபப்படாதே. அவர் ஏரிக்கரைக்காரர், நம் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும். நான் வயர்லெஸில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "காது கிழிந்தது" என்று சொல்லப் பார்க்கிறேன். மற்றவர்கள், "எது, யாரச் சொல்ற?" என்று பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

அம்மாவின் வெறும் காதைப் பற்றி நீ எழுதியதைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டேன். பிறகு படித்தேன்.

நீ பயந்தது நடந்துவிட்டது. திங்கட்கிழமை அந்த மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டன. வண்டியிலிருந்து பார்த்தோம். ஒன்று முன்னால் நின்று முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க, மற்ற இரண்டும் பின்னால் வந்து இடுப்பைக் கடித்தன. துணை இருந்திருந்தால் முதுகோடு முதுகு வைத்து நின்றிருக்கும். தனியாக எத்தனை பக்கம்தான் திரும்பும். பெண் சிங்கங்கள் குட்டிகளை நாணலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டன. இது நொண்டிக்கொண்டே மேற்கே போனது. நம் பக்கம்.

நேற்றும் இன்றும் சிக்னல் கரும்பாறை ஓடையிலிருந்து வருகிறது, மூன்றாவது வளைவு, அத்திமரத்துக்குக் கீழே. மேய்ச்சலைத் தெற்கே மாற்றிக்கொள்ளுங்கள். பட்டி வேலியில் முள்ளை அடர்த்தியாகப் போடுங்கள். கொய்நெட் வீட்டுக்கும் சொல்லிவிடு. சிங்கம் இருக்கும் இடத்தை மேய்ப்பவர்களுக்குச் சொல்லலாம், ஈட்டியோடு வேட்டைக்குப் போகும் இளம் வீரர்களான மொரான்களுக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நீ இரண்டும்தான். ஆனாலும் அண்ணன் என்று எழுதுகிறேன்.

நாசியேகு


பட்டியிலிருந்து
4 பிப்ரவரி

நாசியேகு,

கொய்நெட் வீட்டு எருது போய்விட்டது. நெற்றியில் வெள்ளை உள்ள அந்தப் பெரிய எருது. தெற்கே மாற்றித்தான் மேய்த்தார்கள். பொழுது சாயும் நேரம், திரும்பி வரும் வழியில் பிடித்தது.

கொய்நெட்டின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு பட்டி நடுவில் நின்று கத்தினாள். பையன்கள் அவளுக்குப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாருடைய பெயர் என்று அந்த நேரத்தில் அவளுக்கு நினைப்பு வரவில்லையோ, வந்தும் ஆத்திரத்தில் கத்தினாளோ, தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லி, திருடன், கள்ளன், அவன் குடல் அழுக என்றாள். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அம்மா வெளியே வந்தாள். வெறும் காதோடு. சத்தமே போடாமல் சொன்னாள்.

"எம்புள்ள திருடன் இல்ல."

கொய்நெட்டின் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

இன்னொன்று. நேற்றுச் சந்தையில் முத்துவா வாத்தியார் உங்கள் டாக்டரைப் பார்த்திருக்கிறார். நம் நிலைமையைப் பார்த்து, அவராகவே பெயர் விஷயத்தைக் கேட்டிருக்கிறார். "எந்தப் பெயர்? என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே" என்றாராம் டாக்டர். வாத்தியார் சந்தை நெரிசலில் அதற்கு மேல் விளக்கவில்லை. என்னிடம் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. தங்கச்சி மறந்திருப்பா என்றார்.

நீ மறக்கவில்லை. நீ கேட்கவேயில்லை. டாக்டர் பின்னால் ஒளிந்துகொண்டு எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய்.

நாளைக் காலை நானும் கொய்நெட்டும் மற்ற மொரான்களும் போகிறோம். கரும்பாறை ஓடை, மூன்றாவது வளைவு, அத்திமரம். எழுதித் தந்ததற்கு நன்றி. முதல் ஈட்டி என்னுடையது என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் ஈட்டிக்காரனுக்குக் கிடைக்கும் பிடரிக்காக இல்லை. அந்தச் சிங்கம் செத்தால் அந்தப் பெயரும் போகும். அவன் தம்பிதான் அதைச் செய்ய வேண்டும். வண்டியை அனுப்பித் தடுக்கப் பார்க்காதே.

சிரோன்கா


சதுப்பு நில முகாம்
9 பிப்ரவரி

அண்ணா,

பாஷே என்று எழுதும் உரிமையை நானே அழித்துக்கொண்டேன்.

உன் கடிதம் என் கைக்கு வந்தபோது நீங்கள் போய்த் திரும்பியிருந்தீர்கள். கழுத்துப்பட்டையின் துடிப்பு அப்போதும் மெதுவாகத்தான் வந்தது. செத்த சிங்கத்தின் பட்டை வேகமாகத் துடிக்கும். அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும், அப்படியானால் உனக்கு என்ன ஆயிற்று என்று பதறினேன். மருத்துவ நிலையத்துக்கு ஓடினேன். அங்கே கொய்நெட் படுத்திருந்தான். தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. வேட்டை வழக்கு வந்துவிடும் என்று நர்ஸிடம் எருமை முட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அவர், "எருமைக்கு எப்பல இருந்துப்பா நகம் மொளச்சுது?" என்று கேட்டுவிட்டு வேறு கேள்வி கேட்காமல் தையல் போட்டிருக்கிறார். பிழைத்துக்கொள்வான். விரல்களை அசைக்கிறான்.

நடந்ததை அவன்தான் சொன்னான். எனக்குச் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் இருந்தேன். அதனால்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். வளைத்து நின்றீர்கள். நீ முன்னால். சிங்கம் எழுந்து உன்னைக் குறி வைத்ததும், உன்னை எச்சரிக்க அவன் கத்தியிருக்கிறான். சிங்கம் என்று கத்தவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினான். அவன் வருகிறான் என்று. "உங்கண்ணன் திரும்பிப் பார்த்தான்" என்றான் கொய்நெட். "சிங்கத்த இல்ல. எனக்குப் பின்னால, பாதையப் பார்த்தான். நான் குறுக்க விழலன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

உன் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. என்னைத்தான் அவன் முகத்துக்கு நேராகப் பார்க்கவில்லை.

நான் டாக்டரிடம் கேட்கவில்லை. பொய்தான். ஒவ்வொரு மாலையும் எல்லோரும் கூடி அன்றைய தடங்களைப் பேசுவோம். அங்கே எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு போவேன். என் முறை வரும்போது, எங்கே பார்த்தேன், எத்தனை குட்டி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். இது செத்துப்போன என் அண்ணன் பெயர், எங்களுக்குள் இதைச் சொல்லக் கூடாது, தெரிந்தேதான் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? படித்த பெண் என்று அவர்கள் வைத்திருந்த மதிப்பு போய்விடும் என்று பயந்தேன். அங்கே நம் வழக்கத்தைச் சொல்ல வெட்கம். இங்கே உன்னிடம், சொல்லவில்லை என்று சொல்ல வெட்கம். நடுவில் பொய் சுலபமாக இருந்தது.

கொய்நெட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை எழுந்து சொன்னேன். உட்காராமல் முழுவதும் சொன்னேன். டாக்டர் நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "இத மொத நாளே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எழுந்து போய்ப் பலகையில் அந்தப் பெயரை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பதினேழு என்று எழுதினார். அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் மறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நீ எங்கே இருக்கிறாய்? வீட்டில் இல்லை என்கிறார் வாத்தியார்.

நாசியேகு


சூலு அடிவாரம், கோடை மேய்ச்சல்
22 பிப்ரவரி

நாசியேகு,

மாடுகளை ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். புல்லுக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கே புல் இல்லை.

அங்கே இருக்க முடியவில்லை. பெண்கள் பாட்டு கட்டிவிட்டார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்த மொரான், மாமியார் வருகிறாளா என்று பார்த்தானா, அப்படிப் போகிறது பாட்டு. நல்ல பாட்டுதான். வேறு ஒருவன் மேல் கட்டியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். என் வயதுக்காரர்கள் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், மொரான் தனியாகச் சாப்பிடக் கூடாது என்பதற்காக. கை நனைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

கொய்நெட் சொன்னது சரி. நான் பாதையைப் பார்த்தேன்.

மூன்று வருஷமாக அந்தப் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நாசியேகு. மூச்சுக்குள் கேட்டிருக்கிறேன். திட்டிக் கேட்டுவிட்டேன். ஆனால் ஒருவனை வரவேற்பதுபோல, அவன் வருகிறான் என்று வயிற்றிலிருந்து கத்தி இப்போதுதான் கேட்டேன். கையில் ஈட்டி, முன்னால் சிங்கம், எல்லாம் தெரிகிறது. ஆனாலும் கழுத்து திரும்பிவிட்டது. அவன் தோளில் ஈட்டியைக் கிடத்தி, ரெண்டு கையையும் அதில் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து வருவானே, அப்படி வருவான் என்று பார்த்தேன். பாதையில் யாருமில்லை. திரும்புவதற்குள் கொய்நெட் கீழே கிடந்தான். சிங்கம் நான் விட்ட இடைவெளியில் புகுந்து, என் துணியை உரசிக்கொண்டு போனது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வெட்கம். கீறலாவது இருந்திருக்கலாம்.

உன்னைத் திட்டி எழுதினேன். இதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷமே எனக்குத் தெரியும். கிணற்றடியில் உங்கள் ஆள் ஒருவன் பெயரைச் சொன்னான். கோபம் வந்தது உண்மை. ஆனால் நான் அவனை அடிக்கவில்லை, உன்னிடம் வந்து கேட்கவில்லை. அவனுக்கு மூக்குப்பொடி கொடுத்து, இன்னும் சொல், அந்தச் சிங்கம் என்ன செய்யும், எங்கே படுக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாடுகள் தண்ணீர் குடித்து முடித்துத் தாமாகவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டன. அம்மா கேட்கும்வரை எனக்கு அது பொறுக்கத்தக்கதாகவே இருந்தது.

பலகையில் துடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நான் கேட்டதைத்தான் செய்தாய். படித்ததும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சிரோன்கா


சதுப்பு நில முகாம்
11 மார்ச்

அண்ணா,

பதினேழு இறந்துவிட்டது.

நீங்கள் துரத்திய பிறகு அது கிழக்கே, தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. வேறு எங்காவது போயிருக்கலாம். குட்டிகள் அதற்கு முன்பே போய்விட்டன. நாணலுக்குள் அந்த மூன்றில் ஒன்று புகுந்து வெளியே வந்ததை நான் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பெண் சிங்கங்கள் நாணல் ஓரமாக நடந்து நடந்து மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. குட்டிகளைக் கூப்பிடுவதற்கென்றே ஒரு குரல் உண்டு அவற்றுக்கு. சில நாள் கழித்து அதுவும் நின்றுவிட்டது. இது அதற்கப்புறம் வந்தது. மூன்றும் இதை மஞ்சள் பட்டை வேலமரங்களுக்கு நடுவே பிடித்தன. பட்டை வேகமாகத் துடித்தது. நான்தான் போய்ப் பார்த்தேன். வயர்லெஸில் பதினேழு என்றேன். "எது பதினேழு?" என்று புது ஆள் ஒருவர் கேட்டார்.

மறுநாள் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குடுவையைத் திருப்பிக் கொடுக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "தண்ணி ஊத்திட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் திட்டு. பிறகு, "அது எங்க?" என்றாள். செத்துவிட்டது என்றேன். "எங்கன்னுதான கேட்டேன்."

அம்மா வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. கதவை எப்படிச் சாத்துவது என்று தெரியாமல் வழியெல்லாம் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். கழுதைப்புலிகள் வந்து போயிருந்தன. தலையும் பிடரியும் அப்படியே இருந்தன. அவள் அந்தக் கிழிந்த காதைப் பார்த்தாள். தொடவில்லை. செத்தவர்களுக்கு வைக்கும் பச்சைப் புல் தேடி நெடுந்தூரம் நடந்தாள். இந்த வறட்சியில் எங்கே கிடைக்கும்? தண்ணீர் ஓரம் வரை போய் ஒரு பிடி பிடுங்கி வந்து தலைமாட்டில் வைத்தாள். நான் வண்டியோரம் நின்றேன். வா என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போதுதான் பேசினாள். என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"நீ தெனமும் அவனக் கூப்பிட்டியா, அந்தப் பெட்டியில?"

கூப்பிட்டேன் என்றேன்.

"பதில் வருமா?"

மற்ற வண்டியில் இருப்பவர்கள் சொல்வார்கள் என்றேன்.

"என்ன சொல்வாங்க?"

"தூங்குறான். தண்ணி குடிக்கிறான். மரத்தடியில படுத்திருக்கான். அப்படித்தாம்மா."

அவள் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்துத் திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"தூங்குறான், தண்ணி குடிக்கிறான்" என்று திருப்பிச் சொன்னாள். "ரெண்டு வருஷமா நீ மட்டும் கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

அண்ணா, அன்று வண்டி நிழலிலிருந்து எழுந்து அவள் நடந்தபோது, பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அது வேறு வெட்கம். இது அதைவிட மோசம். பெற்றவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தபோது நான் அவனைத் தனியாக வைத்துக்கொண்டு தின்றிருக்கிறேன்.

காதணி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நான் இரவு தங்கினேன். காலையில் அவளோடு பால் கறந்தேன். கை மறந்துபோயிருந்தது. "படிச்ச கை" என்றாள் கொய்நெட்டின் அம்மா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. அவளும் அம்மாவும் இன்னும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அவள் சொன்னது அம்மாவுக்குக் கேட்கத்தான்.

மேகம் கூடுகிறது. மழை விழுந்தால் மேய்ச்சலுக்கு வெளியே இருக்க உனக்குச் சாக்கு இருக்காது.

நாசியேகு


சூலு அடிவாரம்
23 மார்ச்

பாஷே,

மழை விழுந்துவிட்டது. மாடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால், லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் நீயே கேள்.

பாடுகிறவர்கள் பாடட்டும். எல்லோரும் வாசலில் நிற்பார்கள் என்று தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு மாடுகளுக்குப் பின்னால்தான் வருவேன். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டி வாசலில் நில். என்னைக் கண்டதும் கூப்பிடு. பாஷே வேண்டாம். அது நம் இரண்டு பேருக்குள். என் பெயரைச் சொல்லி, கொய்நெட்டின் அம்மா வீடு வரை கேட்கும்படி கூப்பிடு. அம்மாவையும் கூப்பிடச் சொல். என் பெயரைச் சொல்ல அவளுக்குத் தடையில்லை, நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

உனக்குச் சத்தம் வராது. தெரியும். வருகிற அளவுக்குக் கூப்பிடு. நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

சிரோன்கா